தண்ணீர் இடைவேளை

புதுவயல் ரைஸ்மில் களத்தில்
அவித்த நெல்லின் ஆவி இன்னும் அடங்கவில்லை.
மூட்டைமேல் சாத்திய போனில்
பெர்த்தில் மேட்ச்.

அரியநாச்சி ஆடவில்லை.
பதினேழாம் ஓவர் முடிய
பாட்டில்களோடு ஓடி வருகிறாள்.
மட்டைக்காரி காதில் ஏதோ சொல்கிறாள்.
தாடைத் தழும்பு தெரிவதற்குள்
விளம்பரம்.

"அவதானா?" என்கிறாள் பூமயில்.
அவள்தான்.
அந்த ஓட்டத்தை எனக்குத் தெரியாதா.
நெல் அள்ளிய வெறுஞ்சிமெண்டில்
சங்கு ஊதும்வரை
வெறுங்காலோடு வந்து வீசுவாள்.
உமி ஒட்டிய ரப்பர் பந்து,
சொன்ன இடத்தில் குத்தி
சொல்லாத பக்கம் திரும்பும்.
கீப்பர் நான்.
இடது சுண்டுவிரல் இன்னும் நேராகவில்லை.

"தண்ணி குடுக்கவா ஆஸ்திரேலியா வரைக்கும்?"
சூப்பர்வைசர் சிரிக்கிறார்.
யாரும் திரும்பவில்லை.

விளம்பரம் முடிந்தது.
நாற்பத்தொன்றில் நின்றவள்
ஒரு எட்டு இறங்கி வந்து
கவருக்கு மேலே தூக்குகிறாள்.
நான்கு.

என்னடி சொன்னாய் அவளிடம்?

பூமயில் பலகையை எடுத்து
நெல்லைத் தள்ளப் போகிறாள்.
சார்ஜ் பதினெட்டு.
வெளிச்சத்தைக் குறைத்து வைக்கிறேன்.
முப்பத்துநான்காம் ஓவரில்
இன்னொரு முறை வருவாள்.