வலது கால்

இருபத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டியவனிடம்
மூளை எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால்
வலது காலைத்தான் காட்டியிருப்பேன்.
புரசைவாக்கத்தில் ஜவுளிக்கடை வாசலில்
ஒரு பெண் தோள்பையை இந்தப் பக்கமிருந்து
அந்தப் பக்கம் மாற்றினால்
குறுக்கே வரப்போகிறாள் என்று அர்த்தம்.
அவளுக்கே அது தெரிவதற்குள்
என் கால் பிரேக்கில் இருக்கும்.
இண்டிகேட்டர் போடாத ஆட்டோக்காரனின் மனசு
அவன் முழங்கையில் தெரியும்.

பிப்ரவரியில்
அயனாவரம் டிப்போவில் டீக்குக் கை நீட்டினேன்.
கிளாஸைத் தாண்டிப் போனது கை,
நிறுத்தத்தில் நிற்காத வண்டி மாதிரி.

ஜி.எச்.சில் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
பிடரிப் பக்கம் ஒரு கறையைக் காட்டினார் டாக்டர்.
சிறுமூளை என்றார்.
கை கிளம்பும் முன்பே
எங்கே போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டு வைக்குமாம்.
தப்பினால், போகிற வழியிலேயே திருத்துமாம்.
இத்தனை காலம் எனக்குள்ளே ஒரு டிரைவர்
பேட்டாகூட வாங்காமல் ஓட்டியிருக்கிறான்.
உங்க மூக்கைத் தொடுங்க, என் விரலைத் தொடுங்க,
மூக்கு, விரல், மூக்கு.
மூக்கு எப்படியோ கிடைத்தது.
அவர் விரல் பல்லாவரத்தில் இருந்தது.

வீட்டில் மகிமாவுக்கு அப்போது மூன்றேகால் வயசு.
கண்ணை இறுக மூடிக்கொண்டு
நடு ஹாலில் நின்று ‘நான் எங்க இருக்கேன்?’ என்பாள்.
போனில் பேசும் அத்தையிடம்
‘இதோ பாரு’ என்று புது செருப்பைத் தூக்கிக் காட்டுவாள்.
அவள் பார்ப்பதை ஊரே பார்த்துக்கொண்டிருந்த காலம்.
காலி மாத்திரை டப்பாவில்
சட்டைப் பொத்தான்களைப் போட்டு மூடினேன்
(பாதி பொத்தான் கட்டிலுக்கடியில் உருண்டது, அது வேறு கதை).
அம்மா வந்தா உள்ள என்ன இருக்குன்னு நெனைப்பா?
‘பொத்தான்.’
அம்மாதான் பாக்கலியே?
‘பொத்தான்ப்பா’ என்றாள்,
என் நிலைமைக்கு இரக்கப்பட்டு.

நவம்பரில், பட்டாளம் முட்டளவு தண்ணீரில் நின்ற வாரம்,
கரண்ட் இல்லாத மத்தியானம்,
அதே டப்பா, அதே கேள்வி.
வாயைத் திறந்தாள், ‘பொ’ வரைக்கும் வந்துவிட்டாள்.
கண் ஒருமுறை கதவுப் பக்கம் போய் வந்தது,
அங்கே இல்லாத புளோராவின் தலைக்குள்
எட்டிப் பார்க்கிற மாதிரி.
‘மாத்திரை.’
போகிற வழியிலேயே திருத்திக்கொண்டாள்.

அன்றைக்கு ராத்திரியே முதல் பொய்யும் சொன்னாள்.
நான் தட்டிவிட்ட ரசம்
பாயெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.
உள்ளேயிருந்து புளோரா, ‘யாரு?’
‘நாந்தாம்மா.’
குழந்தையின் கை காய்ந்திருந்தது.
என் சட்டையில் முழங்கை வரை மஞ்சள்.
புளோரா அதைப் பார்த்தாள்,
பார்த்துவிட்டு மகிமாவைத் திட்டினாள்,
திட்டு பாதியில் நிற்க, துணி எடுக்கப் போனாள்.
அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.
மகிமாவுக்கு அது தெரியாது.
அதற்கு இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஆகும்.
மெழுகுவர்த்தியை ஏற்றியது யார் என்று ஞாபகமில்லை.
நானில்லை.

இப்போதெல்லாம் சாயங்காலம் ஜன்னலோரம் உட்காருகிறேன்.
கீழே முனையில் பெரம்பூர் வண்டி திரும்பும்.
யாரோ புதுப் பையன், பிரேக்கைப் பிந்தித் தொடுகிறான்.
என் வலது கால் மொசைக் தரையை அழுத்துகிறது,
கொஞ்சம் தள்ளி, அவனைவிடவும் பிந்தி.
மகிமா கிரேயானைக் கீழே வைத்தாள்.
காலைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள்,
மறுபடியும் காலை.
‘நின்னுடுச்சாப்பா?’
எது, என்றேன்.
‘உன் பஸ்ஸு.’

கொஞ்ச நேரம் காலை எடுக்கவில்லை நான்.
ஏற வேண்டியவர்கள் ஏறட்டும்.