பதினாலாவது ஜாக்கெட்

டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது:
திமிங்கிலம் வராவிட்டால் பணம் திரும்பாது.
ஏறும்போது யாரும் படிப்பதில்லை.
இறங்கும்போது படிக்கிறார்கள்,
உரக்க, என்னிடம்.

மாசி மகம் கழிந்த மூன்றாம் நாள்.
கடலூர் முதுநகர்த் துறையில் பதினாலு பேர்.
பதினாலு ஆரஞ்சு ஜாக்கெட், பதினாலு பாலித்தீன் பை,
தலைக்கு இரண்டு இஞ்சி மொரப்பா.
இவற்றைக் கொடுப்பது என் வேலை.
மிச்சமெல்லாம் இருசப்பன் வேலை.

உப்பனாறு தாண்டும்வரை மூக்கைப் பொத்துகிறார்கள்.
சிப்காட் விடிந்த வாசனை.
"இந்தத் தண்ணியிலயா?" என்கிறார் சேலத்துக்காரர் ஒருத்தி.
"இல்லக்கா, இதுக்கு அப்பால."
அப்பால் என்றால்
கரை கோடாகி, கோடு
இருக்கிறதா இல்லையா என்றாகி,
தண்ணீர் பச்சையை விட்டுக் கருக்கும் இடம்.
ஆலாக்கள் எங்கே விழுகின்றன என்று
இருசப்பன் பார்த்துக்கொண்டிருப்பான்.
வேறு ரகசியம் ஒன்றும் அவனிடம் இல்லை.

இரண்டு மணி நேரம்.
நாலு பேர் வாந்தி.
புதுப்பெண் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள்.
"அதோ!" என்றான் ஒரு பையன். தெர்மாகோல்.
"அதோ!" மறுபடியும். அலை.
மூன்றாவது அதோவுக்கு
யாரும் திரும்பவில்லை.

பதிவேட்டில் பார்த்தேன்:
நடனசபாபதி, ஐம்பத்தெட்டு, நெய்வேலி.
இரண்டாம் சுரங்கத்தில் மண் தோண்டும் சக்கரம் ஓட்டியவர்.
சக்கரம் ஓய்ந்தபோது
காதும் அதோடு ஓய்ந்துவிட்டதாம்.
நாங்கள் சொல்வதையெல்லாம் அவர் மனைவி
கைஜாடையில் ஒருமுறை திருப்பிச் சொல்வார்.

இருசப்பன் எஞ்சினை அணைத்தான்.
"கொஞ்ச நேரம் சும்மா கேளுங்க."
இதை மட்டும் அந்த அம்மா
திருப்பிச் சொல்லவில்லை.

பலகை கிறீச்சிட்டது. யாரோ பையைக் கசக்கினார்கள்.
பிறகு நடனசபாபதி,
படகுத் தரையில் உள்ளங்கையைப் பதித்தபடி,
காது கேளாதவர்களின் பெரிய குரலில் சொன்னார்:
"கீழ மிஷின் ஓடுது."

இரண்டு பேர் சிரித்தார்கள்.
இருசப்பன் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான்.
சிரிக்கவில்லை.

எங்கள் போர்டில் வரைந்திருப்பதுபோல
அது துள்ளவில்லை.
வாலைத் தூக்கவில்லை.
டவுன் பஸ்ஸின் காற்றுக்கதவு திறந்த மாதிரி
ஒரு மூச்சு.
மூன்று நாள் மூடிவைத்த நெத்திலிக் கூடையின் வீச்சம்
எங்கள் மேல் தூறலாக இறங்கியது.
ஒருவர் கையும் மூக்குக்குப் போகவில்லை.
அப்புறம் முதுகு:
மழை விட்ட தார் ரோடு ஒன்று
எழுந்து, போய்க்கொண்டே இருந்து,
இதோ முடிகிறது என்று நினைக்கையில்
இன்னும் கொஞ்சம் போய்,
கடைசியில் அவ்வளவு பெரிய உடம்புக்கு
வெட்கப்படும்படி ஒரு சின்னத் துடுப்பு.
தண்ணீர் மூடிக்கொண்டது.
பையன் எடுத்த வீடியோவில்
அவன் செருப்பு தெளிவாக விழுந்திருந்தது.

துறையில் ஒருவர் மட்டும் பணம் கேட்டார்,
அந்த நேரம் பார்த்துப் பைக்குள் தலையைவிட்டிருந்தவர்.
எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.
டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன்.

ஜாக்கெட் எண்ணினால் பதின்மூன்று.
பஸ் நிறுத்தம் பக்கம் ஆரஞ்சாக ஒருவர்
நடந்துகொண்டிருந்தார்.
கூப்பிட்டுப் பயனில்லை. ஓடினேன்.
தோளைத் தொட்டதும் நின்று,
குழந்தைபோலக் கைகளைத் தூக்கிக்கொடுத்தார்.
கொக்கியை அவிழ்க்கும்போது கேட்டார்,
தெருவே திரும்பிப் பார்க்க:
"அது போயிடுச்சா?"

தலையாட்டினேன்.
அவர் உள்ளங்கையை வேட்டியில் துடைக்கப்போய்,
துடைக்காமல்
மூடிக்கொண்டார்.