அறுநூறு அடி ஆழத்தில் அழைப்பு மணி

அந்தக் கதவைக் கொண்டுவந்தவன் நான்.
டுலூத்தில், சுப்பீரியர் ஏரிக்கரைக் கிடங்கொன்றில்,
பிப்ரவரிக் குளிரில் பசை இறுகாமல்
நாங்கள் ஒட்டிக்கொண்டிருந்த நீர்மூழ்கிக்கு
இரும்புக் கதவு வாங்கக் காசில்லை.
என் மைத்துனி வெர்னா வீட்டு வாசற்கதவு அது.
பச்சைப் பெயின்ட், பித்தளைக் கைப்பிடி,
அழைப்பு மணியோடு கழற்றினேன்.
இரண்டு வாரம் கம்பளி தொங்கவிட்டுக் குடியிருந்தாள்,
இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

காட்சி இதுதான்:
அறுநூறு அடி ஆழம். விளக்குகள் அணைகின்றன.
பிராணவாயு இன்னும் பதினோரு நிமிடம்.
மணி அடிக்கிறது.
கேப்டன் திரும்பிப் பார்த்து
"காலைத் துடைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்" என்கிறார்.
அவ்வளவுதான்.

வெண்டல் ஹௌகூஸ்
முப்பது வருடம் மேடையில் மன்னர்களாகச் செத்தவர்.
இது கேலிப் படம் என்று
அவரிடம் யாரும் சொல்லவில்லை.
சொல்ல வேண்டிய உதவி இயக்குநன்
சாண்ட்விச் வாங்கப் போயிருந்தான்.
வடிகால் குழாயில் செய்த பெரிஸ்கோப்பில் கண் வைத்து
எதிரிக் கப்பலைத் தேடினார் மனிதர்,
நிஜமாகவே தேடினார்.
சமையல்காரன் டார்பிடோவை உருட்டி
ரொட்டி மாவு தேய்த்தபோது
பையனுக்கு வீட்டு ஞாபகம் என்று கண் கலங்கினார்.
முதல் நாள் அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரள
எழுந்து வெளியே போய்விட்டார்,
பனியில், தொப்பி இல்லாமல்.

இரண்டாம் பாகத்துக்குப் பணம் வந்தது.
கடற்படை ஏலத்தில் எடுத்த அசல் பெரிஸ்கோப் வந்தது.
கதவை மட்டும் அதே பச்சையில்
கலிஃபோர்னியாவில் புதிதாகச் செய்தார்கள்.
பழசாய்த் தெரிய வேண்டுமென்று
மூன்று பேர் நான்கு நாள் உட்கார்ந்து கீறினார்கள்.

மணி அடிக்கிறது. இம்முறை இரண்டு தடவை.
கேப்டன் திரும்புகிறார்.
இப்போது அவருக்குத் தெரியும்.
வாயைத் திறக்குமுன் நம்மைப் பார்க்கிறார்,
இடது புருவம் ஒரு நூல் உயர்கிறது.
அந்த ஒரு நூலில்
அறுநூறு அடித் தண்ணீரும் வடிந்துவிட்டது.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது
முதல் படம்.
சுட்டது, கத்தியது, சிரித்தோம்.
இரண்டாவதில்
அந்தப் பூனையைப் பார்த்து இன்னொரு பூனை
மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு
கோடு கோடாய் இழுத்துக்கொண்டது.
புலி எது என்று யாருக்கும் நினைவில்லை.

நியாயமாகச் சொன்னால்
அதிலும் ஒரு விக்கல் உண்டு.
வரைபடம் பிடித்து நிற்கும் துணை நடிகை லூசில் திபேருக்கு
யாரும் எழுதித்தராத விக்கல்.
அடக்க அடக்க வரைபடம் குலுங்கி
பசிபிக் முழுவதும் தளும்பும்.
வெட்ட மறந்திருக்கிறார்கள்.
அந்த நாலு நொடிக்காக நான் டிக்கெட் எடுப்பேன்.

நேற்று துறைமுகத் தெருத் தியேட்டரில்
இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள்.
நாற்பது பேர் இருக்கும். கடைசி வரிசையில் ஹௌகூஸ்.
முதல் படத்தில் அவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.
இரண்டாவதில் அவர் மட்டும்,
விருந்தில் யாருமே தொடாத பதார்த்தத்தை
எடுத்துப் போட்டுக்கொள்ளும் வீட்டுக்காரர் போல.

படியிறங்கும்போது கேட்டார்: "எது தேவலை?"
முதலாவது என்றேன்.
"அதில் நான் நடிக்கவே இல்லையே," என்றார்.
"இரண்டாவதில்தான் நடித்தேன்."

வெளியே முழங்கால் வரை பனி.
வாசலில் நின்று
மிதியடியில் வலது காலைத் துடைத்தார்,
பிறகு இடது காலை, நிதானமாக,
பிறகு பனிக்குள் இறங்கிப் போனார்.

சிரிக்கலாமா என்று யாரைக் கேட்பது?
புருவத்தைப் பார்க்க முடியவில்லை,
முதுகுதான் தெரிந்தது.