பட்டிப்பொலைக்கு அப்பால், ஒரு வான்

கம்பளையில் இஸ்ஸதீன் நானா
சாவி தரும்போது மூன்று விஷயம் என்றார்.
இறக்கத்தில் இரண்டாம் கியர்.
இடது கதவை உதைத்தால்தான் பூட்டும்.
மூன்றாவதற்கு வாயெடுத்தவர்
பள்ளிக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

மூன்றாவதை
றம்பொடை வளைவுகளில் அறிந்தோம்:
ஹோர்ன் அடித்தால் வைப்பர் ஓடும்.

கேதீசன் மன்னார்க்காரன்.
பனைக்கு மேலே
எந்த உயரத்தையும் நம்பாதவன்.
ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தான்,
வெயிலைத் துடைத்துத் துடைத்து
ஏறியது வண்டி.

எங்கள் நாட்டில் வேனை வான் என்றே எழுதுகிறோம்.
வானில் ஓர் அடுப்பு, வானில் ஒரு மடிப்புக் கட்டில்,
வானில் இரண்டு வாளி என்று
புறப்படுமுன் பட்டியல் போட்டபோது
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பட்டிப்பொலையில் வந்தது.
முகில் கண்ணாடிக்கு வெளியே இல்லை,
உள்ளே,
மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில்
குந்தியிருந்தது.

நான் இந்த மலையில் பிறந்தவள்,
மலையைப் பார்த்தவள் இல்லை.
சரிவில் நிற்பவளுக்கு
அடுத்த கால் எங்கே என்பது மட்டுமே தெரியும்.
அம்புக்குறி போட்டுப் பலகை நட்டிருந்த இடத்தில்
முதல்முறையாக இறங்கிப் பார்த்தேன்.
பக்கத்தில் யாரோ
"எவ்வளவு பச்சை" என்றார்கள்.
நான் நிரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தொன்றில் மூடிவிட்டது பனி.

ஒஹியாவைத் தாண்டி இருட்டியது.
கேத்தல் கொதிக்கத் தொடங்கும்போது
கண்ணாடியில் ஒரு டார்ச்.
"இது தோட்டத்து எடம். நிப்பாட்டக் கூடாதுங்க."
காவல்காரன். இருபது வயதிருக்கும்,
உரச்சாக்கை முக்காடாகப் போட்டிருந்தான்.
பெயர் சன்னாசி.

கொஞ்சம் தள்ளி நிற்கிறோமே என்றோம்.
"அந்தா வெள்ளக் கல்லு தெரியுதா?
அதுக்கு அங்கிட்டு வேற தோட்டம்.
அவுங்க நாய விடுவாங்க."

அப்படியென்றால் எங்கேதான்?

யோசித்தான். மழையும் யோசிப்பதுபோல் கொஞ்சம் நின்றது.
"ரோட்டு மட்டுந்தான் அரசாங்கம்" என்றான்.

அரசாங்கம் பன்னிரண்டு அடி அகலம்.
அதன் ஓரத்தில், ஒரு சக்கரம் தாரிலும்
ஒரு சக்கரம் சேற்றிலுமாக நிறுத்தினோம்.
ஹேன்ட்பிரேக்கை நம்ப வேண்டாம் என்று
இருட்டுக்குள் போய்
கல்லொன்று தூக்கிவந்து
பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான்.

பிளேன்டீயோடு கதவருகில் நின்று
உள்ளே எட்டிப் பார்த்தான்.
"கக்கூஸ்?"
மண்வெட்டியைக் காட்டினான் கேதீசன்.
"அப்ப நம்ம மாதிரிதான்."

"எத்தன பேரு படுக்கலாம்?"
இரண்டு பேர், என்றான் கேதீசன்,
வாடகைச் சீட்டில் இருந்தபடி.

சன்னாசி டார்ச்சை
மூலை மூலையாக நடத்தினான்.
கட்டிலுக்குக் கீழே, அடுப்புக்குப் பின்னால்,
ஒரு காம்பராவை அளப்பதுபோல்.
"அஞ்சு படுக்கலாம்" என்றான்.
"கால மடக்கினா ஆறு."

அந்த மடக்கிய கால் யாருடையது என்று
எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வயதுவரை அது என்னுடையது.
கேதீசனிடம் சொல்லவில்லை.
அன்றிரவு, இத்தனை இடமிருந்தும்,
அவன் பக்கம் முதுகைக் காட்டி
மடக்கியே படுத்திருந்தேன்.

விடிந்தபோது கேதீசனின் கணுக்காலில்
ஓர் அட்டை, திராட்சைபோல் பருத்து.
சவர்க்காரத்தைத் தேய்த்தபடி
நொண்டிக்கொண்டு வெளியே போனவன்
கூப்பிட்டான்: "இங்க வந்து பார்."

சக்கரத்தின் பின்னால்
சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் கல்.
ஒரு பக்கம் தோட்டத்து நம்பர்,
புரட்டினால் மறுபக்கம்
மற்றத் தோட்டத்து நம்பர்.

சன்னாசி பெரட்டுக்கு முன்னால் வந்துசேர்ந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
குனிந்து, குழந்தையைப்போல் அணைத்துத் தூக்கினான்.
பனிக்குள் பத்தடி நடந்து
நின்றான்.
இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான்.
எடுத்த குழி எங்கேயென்று
காலால் தடவிக்கொண்டிருந்தான்.

கேதீசன் ஹோர்ன் அடித்தான்,
வைப்பர் ஒருமுறை ஓடியது.
கல் இல்லாத வான்
ஓர் அடி பின்னால் உருண்டது,
எந்தத் தோட்டத்துக்குள் என்று
அப்போது
யாராலும் சொல்ல முடியவில்லை.