நாலு நூல்

சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.
ஆனாலும் பிளக் வயரைக் கழற்றி
பழந்துணியில் சுற்றி ஒதுக்கி வைக்கிறேன்.
விரல் விஷயத்தில் யாரையும் நம்புவதில்லை,
என்னையும் சேர்த்து.

ஓசூர் தாண்டி இழுத்து மூடிய ஒரு ரிசார்ட்டின்
ஏலத்தில் எடுத்த வண்டி.
சீட்டுக்குப் பின்னால் கன்னட ஸ்டிக்கர் பாதி இருக்கிறது.
வெள்ளைச் சப்பாத்துக்காரர்கள் பந்து உருட்டிய புல்லை
மேய்ந்து பழகியது
இப்போது காவேரிப்பட்டணத்துக்கு மேற்கே
பெங்களூரா மாமரங்களுக்கு இடையில்
கோரையும் பார்த்தீனியமும் தின்கிறது.
இந்தக் காசுக்கு ரெண்டு கறவை பிடித்திருக்கலாம்
என்றார் மாதையன்.
கறவைக்கு தினமும் வேலை இருக்கும் என்றேன்.
இதற்கும் இருக்கும் என்று அன்றைக்குத் தெரியாது.

விஷயம் இதுதான்.
இடது பக்கம் மொட்டை,
வலது பக்கம் மூன்று நாள் தாடி.
வரிசைக்கு வரிசை படிக்கட்டு போல.
ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களோ இல்லையோ,
நான் பார்க்கிறேன்.

களத்து சிமெண்டில் நிறுத்தி
முன்பக்கம் ஜாக்கி, பக்கத்துக்கு இரண்டு ஹாலோ பிளாக்.
அடியில் படுத்துப் பார்த்தால்
வறட்டி தட்டியது போல் அப்பிய புல்,
அதற்குள் எறும்புகளின் ஒரு தாலுகா.
கரண்டியால் சுரண்டச் சுரண்ட
வாய்க்குள் பாதி தோட்டம்.

கத்தியில் பல் விழுந்திருக்கிறது.
இந்த மண்ணில் மழைக்கு மழை கல் முளைக்கும்.
போல்ட் அசையவில்லை. மரக்கட்டையை முட்டுக் கொடுத்து
ஸ்பானரின் மேல் ஏறி நின்றேன்.
அறுபத்தெட்டு கிலோவும்
முதல்முறையாக ஒரு வேலைக்கு உதவியது.
அரம் போட்டு, தேதி கிழிக்கும் காலண்டரை இறக்கிவிட்டு
அதன் ஆணியில் கத்தியின் நடு ஓட்டையை மாட்டினேன்.
கனமான பக்கம் மெதுவாகத் தலை குனிந்தது.
குனிந்த பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.
இப்படி நாலு முறை.
ஐந்தாம் முறை அது படுத்த வாக்கில் நின்றது,
எந்தப் பக்கமும் சாயாமல்.
அதைக் கூப்பிட்டுக் காட்ட அப்போது வீட்டில் ஆளில்லை.

பிறகு டெக்.
மோனிஷாவின் ஸ்கேலை எடுத்து அளந்தேன்.
இடது முனை நாலு நூல் தாழ்வு.
இடது தொங்கு கம்பியின் நட்டைத் திருகி ஏற்றினேன்.
வலதை இறக்கினேன். இடதை மறுபடி.
முன்பக்கம் பின்பக்கத்தைவிட
ஒரு நூல் தாழ்ந்திருக்கணுமாம், அதையும் பார்த்தேன்.
அளவு சரி.
மனசுக்கு மட்டும் ஏதோ கோணல்.

டீ ஆற்றி டம்ளரை பானெட்டின் மேல் வைத்தேன்.
டீ ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது,
மறுபக்கம் விரல் அகலம் கீழே நின்றது.
களம் மட்டம்; கொத்தனாரிடம் சண்டை போட்டு
நானே ரசமட்டம் வைத்துப் பார்த்த களம்.
டம்ளரைப் பார்த்தேன். வண்டியைப் பார்த்தேன்.
குனிந்தேன்.

இடது பின் டயர்
சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

எத்தனை திருகு ஏற்றினேன், எத்தனை இறக்கினேன்?
எண்ணவில்லை.
கோபத்தில் செய்த கணக்குக்கு ரசீது கிடையாது.
சைக்கிள் பம்ப்பில் நூற்றுப்பத்து அடி அடித்து
டயர் எழுந்து நின்றதும்
காலையிலிருந்து செய்தது மொத்தமும்
தப்பாகிப் போனது, மிகத் துல்லியமாக.

எல்லா நட்டையும் தளர்த்தி
முதலிலிருந்து.

நாலரைக்கு வயரை மாட்டி ஒரு வரிசை ஓட்டினேன்.
மாதையன் மாமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு
வெட்டிய புல்லில் குறுக்காக நடந்தார்,
பாதத்தாலேயே மட்டம் பார்ப்பவர் போல.
ஒன்றும் சொல்லவில்லை.
திரும்பியும் நடந்தார்.

டயரில் வேலிகாத்தான் முள் ஒன்று
தலை மட்டும் தெரிய இருக்கிறது.
பிடுங்கவில்லை. அதுதான் இப்போது அடைப்பான்.
இன்று ஞாயிறு. நாளை தஸ்தகீர் கடை திறக்கும்வரை
ஓட்டையைக் காவல் காக்கட்டும்,
ஓட்டை போட்டதே.