இரண்டு பை

சாடிவயலுக்கு மேலே, மஞ்சக்கல் ஓடையில்
இலையை எடை போடுவது என் வேலை.
அதற்கு முன் திருப்பூரில் ஆறு வருஷம்
நூல் கோன் எடை போட்டேன்.
கிராம் பழகின கை என்றுதான் மேடம் சேர்த்துக்கொண்டார்.

காய்ந்த நாவல் இலை, பைக்கு ஐந்து கிராம்.
ஒரு பை பெருங்கண் வலை,
புழு நுழையலாம், நண்டுக்குஞ்சு நுழையலாம்.
இன்னொன்று பனியன் துணிபோல நெருக்கம்,
கண்ணுக்குத் தெரியாதது மட்டும் நுழையும்.
கல்லில் கட்டி இறக்கும்போது
வாட்சர் மாகாளி யானை வருதா என்று பார்ப்பார்.
நான் தண்ணியின் சூட்டைப் பார்ப்பேன்.

முதல் வருஷம் ஐப்பசி, பத்தொன்பது டிகிரி.
பெருங்கண் பையில் நரம்பு மட்டும் மிச்சம்,
அதோடு
இலைத்துண்டுகளை வாய்நூலால் தைத்துச்
சட்டையாகப் போட்டுக்கொண்ட புழுக்கள்,
பதினேழு.
பிசிறே இல்லை. எங்கள் செக்கிங் டேபிளில்
ஒன்றுகூடத் திரும்பியிருக்காது.
நெருக்கப் பையில் இலை பாதிக்கு மேல் அப்படியே.

இந்த ஐப்பசி இருபத்தொன்றரை.
"சில்லுன்னுதானுங்க இருக்குது" என்றார் மாகாளி
முழங்கை வரை விட்டு.
பொய்யில்லை. கைக்கு அது தெரியாது.

இரண்டு பையும் ஒரே எடை.
தராசைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
ஒரே எடை.
பெருங்கண் பைக்குள் இரண்டே புழு,
மணலை ஒட்டி ஒப்பேற்றின சட்டையில்.

கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குச்
சூடு ஏற ஏறப் பசி ஏறுமாம்.
அவை தின்றதில் மீனுக்குச் சேருவது சொற்பம்.
பாதி மூச்சாகி மேலே போகும்,
மீதி உப்பாகிக் கீழே போகும்.
கீழ்க்குட்டையில் பாறை வழுக்குகிறது,
போன வருஷம் இல்லாத பச்சை.

ஒரு வருஷத்தை வைத்துச் சொல்ல முடியாது என்கிறார் மேடம்.
சரிதான்.
மரம் அடுத்து உதிர்ப்பது மாசியில்.
அதுவரைக்கும் வரவேண்டிய சோறு
யாரும் உட்கார்ந்து தின்னாமலே
தீர்ந்துவிட்டது.

நோட்டில் இலை மிச்சம் எழுதக் கட்டம் இருக்கிறது.
இதை எழுத இல்லை.

பூங்குருவி ஒன்று கல் கல்லாய்த் தாவி
ஒவ்வொரு கல்லடியிலும் தலையை விட்டு எடுக்கிறது.
சனிக்கிழமை சாயங்காலம்
சம்பளம் போடாத கம்பெனி கேட்டில்
நாங்கள் நின்ற மாதிரி,
போகவும் போகாமல்.