இதர

சம்பளம் வந்த இரவு
போன வருஷத்து டைரியில் கோடு போட்டுப் பிரிப்பேன்.
ஊருக்கு. ரூம் வாடகையில் என் பங்கு. மெஸ்.
விசாவுக்கு வாங்கிய கடன், அதன் வட்டி.
கடைசியில், பக்கம் மடிந்துபோன மூலையில்,
இதர: ஒன்றேகால் தினார்.

ஜிலீப்பில் எங்கள் அறையில் ஆறு பேர்.
தேயிலைப் பை இங்கே இரண்டு முறை நீச்சலடிக்கும்.
தேய்ந்த சோப்புகளை ஈரத்தோடு அழுத்தி
பச்சையும் வெள்ளையுமாய் ஒரு புதுச் சோப்பு செய்வார் இருதயராஜ்.
வந்த புதிதில் அவர்தான் சொன்னார்:
"தினாரை ரூபாயாப் பெருக்காதீரும்.
பெருக்கினா தண்ணி கூடத் தொண்டையில இறங்காது."
அவரே பெருக்குவார்.
ஆப்பிளைக் கையில் எடுத்ததும் உதடு அசையும்.
பிறகு ஆப்பிள் கூடைக்கே திரும்பிப் போகும்.

நானும் பெருக்கித்தான் பார்க்கிறேன்.
முந்நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் வருகிறது.
மகனின் தேர்வுக் கட்டணத்தில் பாதி.
தெரிந்தேதான் பஸ் ஏறுகிறேன்
மாதத்தின் முதல் வெள்ளி,
ஃபர்வானியாவில் குல்பாஸ் கடைக்கு,
சவரம் செய்துகொள்ள.

ரேசர் என்னிடமும் இருக்கிறது.
மற்ற நாளெல்லாம் வாளித் தண்ணீரில் நானே வழித்துக்கொள்கிறேன்.
மழுங்கிய பிளேடு, மழுங்கிய முகம்,
இரண்டுக்கும் புகாரில்லை.

ஷுவைக் டயர் கடையில் இருபத்தாறு நாள்
என் முகத்தைத் தொடுவது
ரப்பர் தூசியும் கம்ப்ரஸர் காற்றும்தான்.
குல்பாஸ் நாற்காலியைச் சாய்ப்பான்.
நுரை. கத்தி.
மீசையைப் பற்றி ஒரு கேள்வி, பாதி இந்தி, பாதி சைகை.
பிறகு வெந்நீரில் பிழிந்த துண்டு.
அதை முகத்தில் விரித்து
இரண்டு உள்ளங்கையாலும் மெல்ல அழுத்துவான்,
காய்ச்சலா என்று பார்ப்பதுபோல.

இரண்டு வருஷம் ஒன்பது மாதம்.
வேறு யாரும் தொட்டதில்லை இந்த முகத்தை.
துண்டுக்குள் இருட்டு.
அங்கே நான் என்ன முகம் வைத்துக்கொண்டாலும்
யாருக்கும் தெரியாது.
நாற்பது எண்ணுவதற்குள் ஆறிவிடும்.

இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
அதனால் இதர.

செண்பகவல்லியும் கணக்கு வைக்கிறாள்.
மாதக் கடைசியில் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவாள்.
பால், கேஸ், ஃபீஸ், இரண்டு மொய்.
எலி மருந்து நாற்பது.
போன மாதமும் எலி மருந்து நாற்பது.
அதற்கு முந்தியும்.

"வீட்ல அம்புட்டு எலியா?"
வீடியோவில் அவள் முகம் அப்படியே நின்றது.
நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.
"ஒரே எலிதான்" என்றாள்.
"மாசத்துல ஒருநா பேங்குக்குப் போயிட்டு வர்ற வழியில
பேக்கரிக்குள்ள நுழையும். ஏசிக்கு நேரா உக்காரும்.
ஒரு ரோஸ்மில்க்.
உறிஞ்சி உறிஞ்சி ஸ்ட்ராவுல வெறுஞ்சத்தம் வர்ற வரைக்கும் எந்திரிக்காது."
சிரித்தாள். சிரிப்பு தீருகிற இடத்தில்,
"நிறுத்திரட்டுமா?"

டைரியைக் கேமராவுக்குக் காட்டினேன்,
இதர மேல் விரலை வைத்து.
சவரம் என்றேன்.
துண்டைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் குல்பாஸ் விலை ஏற்றினான்.
முக்கால் தினார் ஒரு தினார் ஆயிற்று.
கடை வாடகை, பாய், என்று கையை விரித்தான்.
மெஸ்ஸில் கை வைக்க முடியாது.
ஊர்ப் பணத்தில் வைக்கக் கூடாது.
மிச்சம் இருப்பது பஸ் காசு, போக கால், வர கால்.

போகும்போது நடப்பது என்று முடிவு செய்தேன்.
வழித்த முகத்தை வெயிலுக்குக் கொடுக்க மனசில்லை.

பாதி வழியில் போன் அடித்தது.
"என்ன இரைச்சல்? எங்க இருக்கீக?"
"எலி நடந்து போகுது" என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"நெழலாப் பாத்துப் போகச் சொல்லுங்க."

நிழலுக்கு எங்கே போக?
ஓரமாய் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது.
அதன் நிழலில் ஏற்கெனவே இரண்டு பேர்.
ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்கினார்கள்.